பைத்தான் லாகிங்கில் சொந்த லெவல்: எண் தேர்விலிருந்து டெஸ்ட் வரை

பல கிளைகள் உள்ள ஒரு கடைக்கு இரவுக் கணக்கு முடிக்கும் நிரலைச் சில காலம் பராமரித்து வந்தேன். நள்ளிரவுக்குப் பிறகு அது ஓடும். ஒவ்வொரு கிளையின் பில்களையும் கூட்டி, வங்கியிலிருந்து வந்த ஃபைலோடு ஒப்பிட்டு, லாக்கில், அதாவது நிரல் தான் செய்வதைக் குறித்துவைக்கும் பதிவில், கிளைக்கு ஒரு வரி எழுதும்: கணக்கு முடிந்தது, இத்தனை பில், இவ்வளவு தொகை. காலையில் கணக்குப் பிரிவிலிருந்து வரும் முதல் கேள்வி, "ராத்திரி கணக்கு முடிஞ்சிடுச்சா?" என்பதுதான். அதற்குப் பதில் அந்த ஒற்றை வரியில் இருக்கிறது. ஆனால் அது இன்ஃபோ லெவலில், அதாவது சாதாரணத் தகவல் என்ற அவசரப் படியில், எழுதப்பட்டிருந்தது. அதே இன்ஃபோவில் ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு வரி ஓடிக்கொண்டிருந்தது. வைக்கோல் போரில் ஊசி தேடுகிற கதைதான்.

எங்கள் குழுவில் ஒருவர் அந்த வரியை வார்னிங் லெவலுக்கு ஏற்றினார். வரி கண்ணில் பட்டது. கூடவே வார்னிங்குக்குக் கட்டிவைத்திருந்த அலர்ட்டும் ஒவ்வொரு இரவும் ஒவ்வொரு கிளைக்கும் அடிக்கத் தொடங்கியது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல நள்ளிரவில் ஃபோன் அடித்தால் யார் பொறுப்பார்? அலர்ட்டை அடக்கி வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வங்கி ஃபைல் பாதியோடு வந்த ஒரு நாள், உண்மையான வார்னிங்கை யாரும் பார்க்கவில்லை.

இன்ஃபோவுக்கு மேலே, வார்னிங்குக்குக் கீழே ஒரு படி எங்களுக்கு வேண்டியிருந்தது. அந்தப் படியைப் பைத்தானில் ஒழுங்காகக் கட்டுவது எப்படி என்பதை அடி முதல் சொல்கிறேன். ஃபங்ஷன் பெயர்களையும் நிரல் வரிகளையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். எடிட்டரில் அவற்றின் வழக்கமான ஆங்கில எழுத்துகளில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஏணியைப் பாருங்கள்

பைத்தானின் லாகிங் மாட்யூல் 2003-இல் வந்த 2.3 பதிப்பிலிருந்து உடன் வருகிறது. வினய் சாஜிப் எழுதியது; பெப் 282 என்ற முன்மொழிவின் வழியே சேர்ந்தது. லெவல் என்றால் அதில் வெறும் எண்தான். டீபக் 10, இன்ஃபோ 20, வார்னிங் 30, எரர் 40, கிரிட்டிக்கல் 50. நாட்செட் என்ற 0, "என்னிடம் சொந்த வரம்பு இல்லை, மேலே இருப்பவரைக் கேள்" என்ற பொருளில் வருகிறது. இரண்டு படிகளுக்கு நடுவில் ஒன்பது எண்கள் காலியாகக் கிடக்கின்றன. நாம் புகப்போவது அங்கேதான்.

ஒரு லாக் வரி வெளியே வருவதற்கு இரண்டு வாசல்களைத் தாண்ட வேண்டும். முதல் வாசல் லாகர். அந்த லாகருக்கு வைத்திருக்கும் வரம்பு எண்ணைவிடக் குறைவான வரி அங்கேயே நின்றுவிடும். லாகருக்கு வரம்பு வைக்கவில்லை என்றால் அதன் பெற்றோர், அதற்கும் மேலே என்று ஏறிப் போய், கடைசியில் ரூட் லாகரின் வரம்பு செல்லும். இரண்டாவது வாசல் ஹேண்ட்லர். திரைக்கு அனுப்புவது, ஃபைலில் எழுதுவது என்று ஒவ்வொரு ஹேண்ட்லருக்கும் தனி வரம்பு உண்டு.

இதில் பலர் தடுமாறும் இடம் ஒன்று. வரி முதல் வாசலைத் தாண்டிவிட்டால் பெற்றோர் லாகர்களின் ஹேண்ட்லர்களுக்கும் போகும். அப்போது அந்த ஹேண்ட்லரின் வரம்பு மட்டுமே பார்க்கப்படும். பெற்றோர் லாகரின் வரம்பு பார்க்கப்படாது. "ரூட்டில் வார்னிங்தானே வைத்தேன், டீபக் வரி எப்படி வந்தது?" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதுதான் விடை.

லெவல்தான் வேண்டுமா என்று கேளுங்கள்

பைத்தானின் அதிகாரபூர்வ வழிகாட்டியே இந்த விஷயத்தில் எச்சரிக்கிறது. இருக்கிற லெவல்கள் அனுபவத்தில் தேறியவை, புதிதாகச் சேர்க்கத் தேவைப்படாது, அதிலும் பிறர் பயன்படுத்தும் லைப்ரரி எழுதுபவர் சேர்ப்பது மிக மோசமான யோசனையாகலாம் என்கிறது. காரணம் எளிது. ஒரு லைப்ரரி 25-க்கு ஒரு பொருள் வைக்கும், இன்னொன்று வேறு பொருள் வைக்கும். இரண்டையும் சேர்த்து ஓட்டுபவர் எந்த வரம்பை வைத்தாலும் ஒன்று பிசகும். நீங்கள் எழுதுவது லைப்ரரி என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மீதி எல்லாம் முழு அப்ளிகேஷனைத் தன் கையில் வைத்திருப்பவர்களுக்கு.

அப்ளிகேஷனிலும் நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். நீங்கள் நினைக்கும் லெவல் எதைவிட அவசரமானது, எதைவிட அவசரம் குறைந்தது? உடனே பதில் வந்தால் அது லெவல். வராவிட்டால் அது லெவல் இல்லை, வேறு ஏதோ வகை.

ஆடிட் என்று ஒரு லெவல் வைக்கலாமே என்பார்கள். யார் எந்தப் பில்லைத் திருத்தினார் என்ற பதிவு அது. இன்ஃபோவைவிட அவசரமா? சொல்ல முடியாது. அதோடு, லெவலின் முழு வேலையே வரம்பை ஏற்றினால் மறைந்துபோவதுதான். சர்வர் நிரம்பிவிட்டது என்று யாரோ வரம்பை எரருக்கு ஏற்றிய நாளில் உங்கள் ஆடிட் பதிவும் நின்றுபோகும். அதை ஒரு தனிப் பெயருள்ள லாகராக வையுங்கள். அதற்கென்று ஒரு ஃபைல் ஹேண்ட்லர் கொடுத்து, ப்ரொபகேட் என்ற பண்பை ஃபால்ஸ் ஆக்கிவிட்டால் மற்ற லாகோடு கலக்காது. பேமென்ட், டேட்டாபேஸ், பாதுகாப்பு என்று வரும் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

எங்கள் "கணக்கு முடிந்தது" வரி அந்தக் கேள்வியில் தேறியது. பில் வரியைவிட முக்கியம்; ஆனால் யாரையும் எழுப்பத் தேவையில்லை.

படி 1: எண்ணும் பெயரும்

25 என்ற எண்ணை எடுத்தோம். இன்ஃபோவுக்கும் வார்னிங்குக்கும் சரிபாதி. பின்னால் இன்னொரு படி வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் இடம் இருக்கும்.

பெயருக்கு நோட்டீஸ். அது நாங்கள் கண்டுபிடித்ததில்லை. 1980-களில் எரிக் ஆல்மன் சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் நிரலுக்காக உருவாக்கிய சிஸ்லாக் என்ற லாக் முறையில் இருக்கும் பெயர். 2009-இல் வந்த ஆர்எஃப்சி 5424 என்ற இணையத் தர ஆவணம் அதில் 0 முதல் 7 வரை எட்டுப் படிகளைச் சொல்கிறது. எண் குறையக் குறைய அவசரம் கூடும். அதில் 4 வார்னிங், 6 இன்ஃபர்மேஷனல், நடுவில் 5 நோட்டீஸ். இயல்பான நிலைதான், ஆனால் கவனிக்கத் தக்கது என்று பொருள். நமக்கு வேண்டியதும் அதுவேதான். புதிதாக வேலைக்கு வருபவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கக்கூடிய பெயரை எடுப்பது நல்லது.

லோகுரு என்ற லைப்ரரியைப் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதில் 25 என்பது சக்சஸ் என்ற பெயரில் முன்பே இருக்கிறது, 5 என்பது ட்ரேஸ். இரண்டையும் கலந்து ஓட்டும் இடத்தில் 25-ஐத் தவிர்த்து வேறு எண்ணை எடுங்கள்.

படி 2: பதிவு செய்வது

லாக்_செட்டப் என்று ஒரு சிறிய மாட்யூல் திறந்து இதை எழுதுங்கள்:

இம்போர்ட் லாகிங்
நோட்டீஸ்_எண் = 25
லாகிங்.ஆட்லெவல்நேம்(நோட்டீஸ்_எண், "நோட்டீஸ்")

அவ்வளவுதான், லெவல் பிறந்துவிட்டது. பெயரைப் பெரிய எழுத்தில் கொடுங்கள். மற்ற ஐந்தும் அப்படித்தான் இருக்கின்றன. பெயரைத் தேடும்போது பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு என்றே பைத்தான் பார்க்கும்.

ஆட்லெவல்நேம் எதையும் சரிபார்க்காது. அதே எண்ணுக்கு இன்னொருவர் வேறு பெயர் கொடுத்தால் சத்தமில்லாமல் பழைய பெயருக்குப் பதில் புதிய பெயர் அச்சாகும். ஆகவே பதிவு ஒரே இடத்தில் மட்டும் நடக்கட்டும்.

இப்போது புது மெத்தட் எதுவும் இல்லாமலே பயன்படுத்தலாம்:

லாகர்.லாக்(நோட்டீஸ்_எண், "கிளை கணக்கு முடிந்தது")

மொத்த நிரலிலும் நாலைந்து இடங்களில்தான் நோட்டீஸ் வரும் என்றால் இதோடு விட்டுவிடலாம் என்பது என் கருத்து. வரி எண் பிசகாது, இம்போர்ட் வரிசைத் தொல்லை இல்லை, வகைகளைச் சரிபார்க்கும் டைப் செக்கரும் முறைக்காது.

படி 3: வரி ஏன் வரவில்லை?

முதல் முறை ஓட்டும்போது பெரும்பாலும் ஒன்றும் அச்சாகாது. ரூட் லாகரின் இயல்பான வரம்பு வார்னிங், அதாவது 30. நம்முடையது 25. முதல் வாசலிலேயே நின்றுவிட்டது.

லாகிங்.பேசிக்கான்ஃபிக் என்ற ஃபங்ஷனுக்கு லெவல் 25 என்று கொடுங்கள். இன்ஃபோவும் வேண்டும் என்றால் 20 கொடுங்கள். அப்போதும் வரவில்லை என்றால், உங்களுக்கு முன்னால் வேறு யாரோ ரூட்டுக்கு ஒரு ஹேண்ட்லரை மாட்டியிருக்கிறார்கள் என்று பொருள். ஏற்கெனவே ஹேண்ட்லர் இருந்தால் பேசிக்கான்ஃபிக் எதுவுமே செய்யாமல் திரும்பிவிடும், பிழையும் காட்டாது. 3.8 பதிப்பிலிருந்து ஃபோர்ஸ் என்ற அளவுருவை ட்ரூ என்று கொடுத்தால் பழைய ஹேண்ட்லர்களை அகற்றிவிட்டு நம் அமைப்பை வைக்கும்.

படி 4: சொந்த மெத்தட், அதில் இருக்கும் குழி

நோட்டீஸ் பல மாட்யூல்களில் வரும் என்றால், லாகர்.இன்ஃபோ என்று எழுதுவதுபோல லாகர்.நோட்டீஸ் என்று எழுத ஆசை வரும். அதற்கு லாகர் கிளாஸிலிருந்து ஒரு புதிய கிளாஸை உருவாக்கி ஒரு மெத்தட் சேர்க்க வேண்டும். எண்ணற்ற இடங்களில் நகலெடுக்கப்பட்டுச் சுற்றும் விடை ஒன்று இருக்கிறது. அது, லெவல் திறந்திருக்கிறதா என்று இஸ்எனேபிள்ட்ஃபார் மூலம் பார்த்துவிட்டு, அடிக்கோட்டில் தொடங்கும் லாக் என்ற உள் மெத்தடை நேரடியாக அழைக்கச் சொல்லும். நாங்களும் முதலில் அப்படித்தான் எழுதினோம்.

பல மாதம் நன்றாக ஓடியது. பிறகு சர்வரில் பைத்தானை 3.11-க்கு ஏற்றினோம். மறுநாள் காலை லாக்கைத் திறந்தால், எல்லா நோட்டீஸ் வரிகளிலும் ஒரே ஃபைல் பெயர், ஒரே வரி எண். எந்தக் கிளை, எந்த மாட்யூல் எழுதியது என்பதே தெரியவில்லை. லாக்_செட்டப் ஃபைலில் எங்கள் மெத்தட் இருந்த வரியைத்தான் எல்லாமே காட்டின.

காரணம் இது. லாக் வரி எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க லாகிங் மாட்யூல் அழைப்பு அடுக்கில் பின்னோக்கி நடக்கிறது. பழைய பதிப்புகளில் அது உள் மெத்தடை அழைத்தவரைத் தாண்டி ஒரு படி கூடுதலாகப் பின்னே போய்விட்டுத்தான் தேடத் தொடங்கும். உள் மெத்தடை அழைப்பது எப்போதும் லாகிங்கின் சொந்த மெத்தடுதான் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டது அது. நம் மெத்தட் அந்த இடத்தில் நின்றதால் தற்செயலாகச் சரியான இடம் கிடைத்துக்கொண்டிருந்தது. 3.11-இல் இந்த நடை திருத்தப்பட்டது. இப்போது லாகிங்கின் சொந்த ஃபைலைச் சேராத முதல் அழைப்பையே அது எடுத்துக்கொள்கிறது. அது நம் மெத்தட்.

ஆகவே உள் மெத்தடைத் தொடாதீர்கள். எல்லோருக்கும் திறந்திருக்கும் லாக் மெத்தடையே அழைத்து, 3.8-இல் வந்த ஸ்டாக்லெவல் என்ற அளவுருவைச் சேர்த்துக் கொடுங்கள்:

கிளாஸ் ஆப்லாகர்(லாகிங்.லாகர்):
    டெஃப் நோட்டீஸ்(செல்ஃப், செய்தி, *ஆர்க்ஸ், **கேடபிள்யூஆர்க்ஸ்):
        அடுக்கு = கேடபிள்யூஆர்க்ஸ்.பாப்("ஸ்டாக்லெவல்", 1)
        செல்ஃப்.லாக்(நோட்டீஸ்_எண், செய்தி, *ஆர்க்ஸ், ஸ்டாக்லெவல்=அடுக்கு + 1, **கேடபிள்யூஆர்க்ஸ்)

ஸ்டாக்லெவல் 1 என்றால் என்னை அழைத்தவர், 2 என்றால் அவரை அழைத்தவர். இந்த மெத்தடுக்கு அழைப்பு வந்த இடமே நமக்கு வேண்டியது, அதனால் ஒன்று கூட்டுகிறோம். அழைப்பவர் தானே ஸ்டாக்லெவல் கொடுத்திருந்தால் அதையும் மதிக்கிறோம். இப்படி எழுதினால் 3.8-லும் சரியாக வரும், 3.11-க்குப் பின்னும் சரியாக வரும். லெவல் திறந்திருக்கிறதா என்ற சோதனையை லாக் மெத்தட் தானே செய்துகொள்கிறது, நாம் தனியாகச் செய்ய வேண்டியதில்லை.

செய்தி, அடுக்கு, நோட்டீஸ்_எண் ஆகிய மூன்று பெயர்களையும் தமிழிலேயே அடித்தாலும் பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும். டெஃப், கிளாஸ் போன்ற மொழிச் சொற்களும், லாகிங் மாட்யூலின் சொந்தப் பெயர்களும் மட்டும் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும்.

செய்திக்குள் மதிப்புகளைச் செருக எஃப்-ஸ்ட்ரிங் போடாதீர்கள். சதவீதக் குறி வைத்த வார்ப்பைக் கொடுத்து, மதிப்புகளைப் பின்னால் தனியாக அனுப்புங்கள். லெவல் மூடியிருந்தால் செருகும் வேலையே நடக்காது. நோட்டீஸுக்கு இது பெரிய விஷயமில்லை. பின்னால் ட்ரேஸ் பற்றிச் சொல்லும் இடத்தில் இதன் அருமை தெரியும்.

படி 5: யார் முந்துகிறார்கள்

கிளாஸ் எழுதினால் போதாது. இனிமேல் இந்த வகை லாகரைக் கொடு என்று சொல்ல வேண்டும்:

லாகிங்.செட்லாகர்கிளாஸ்(ஆப்லாகர்)

இது இனிமேல் பிறக்கும் லாகர்களுக்கு மட்டும் செல்லும். ஏற்கெனவே பிறந்தவை பழைய கிளாஸிலேயே இருக்கும். நம்மில் பலரும் ஒவ்வொரு மாட்யூலின் தலையிலும் கெட்லாகர் அழைத்து ஒரு லாகரை எடுத்து வைக்கிறோம். அந்த மாட்யூலை இம்போர்ட் செய்த கணமே அது பிறந்துவிடும். மெயின் ஃபைலில் பில் மாட்யூலை முதலிலும் லாக்_செட்டப்பை அடுத்தும் இம்போர்ட் செய்தால், பில் மாட்யூலில் நோட்டீஸ் என்று அழைத்ததும் அட்ரிபியூட் எரர் வரும்: லாகர் ஆப்ஜெக்டுக்கு நோட்டீஸ் என்று எதுவும் இல்லை.

வரிசையைச் சரி செய்து வைத்தாலும் ஐசார்ட் போன்ற கருவி இம்போர்ட்களை அகர வரிசையில் அடுக்கி மறுபடி கலைத்துவிடும். இதற்கு நான் நம்பும் தீர்வு, பதிவையும் செட்லாகர்கிளாஸையும் உங்கள் பேக்கேஜின் இனிட் ஃபைலிலேயே வைப்பது. பேக்கேஜுக்குள் எந்த மாட்யூலைத் தொட்டாலும் முதலில் இனிட் ஃபைல் ஓடும். யாரும் முந்த முடியாது.

ரூட் லாகர் இதில் சேராது. அது லாகிங் மாட்யூலோடு பிறந்தது, அதற்குத் தனிக் கிளாஸ். ரூட்டில் நோட்டீஸ் என்று அழைத்தால் பிழைதான் வரும். ரூட்டில் நேரடியாக எழுதும் பழக்கத்தை விட்டு, பெயருள்ள லாகர் வைத்துக்கொள்வதுதான் நல்லது. லாகர்அடாப்டர் பயன்படுத்துபவர்களுக்கும் இந்த மெத்தட் கிடைக்காது. அங்கே லாக் மெத்தடில் எண்ணைக் கொடுத்து எழுதலாம்.

மைபை போன்ற டைப் செக்கர், கெட்லாகர் தருவது சாதாரண லாகர் என்றே நினைத்துக் குறை சொல்லும். பெயரை வாங்கிக்கொண்டு ஆப்லாகர் என்று வகை குறித்துத் திருப்பித் தரும் ஒரு சிறு ஃபங்ஷனை எழுதி, எல்லோரும் அதன் வழியே லாகரை எடுத்தால் தீர்ந்தது.

படி 6: அமைப்பு ஃபைல்

லாகிங் அமைப்பை ஒரு டிக்ஷனரியாகக் கொடுக்கும் டிக்ட்கான்ஃபிக் மூலம் அமைப்பவர்கள் லெவலை எண்ணாகவும் கொடுக்கலாம், பெயராகவும் கொடுக்கலாம். பெயராகக் கொடுத்தால் அதற்கு முன்பே ஆட்லெவல்நேம் ஓடியிருக்க வேண்டும், இல்லையேல் தெரியாத லெவல் என்று வேல்யூ எரர் வரும். என்விரான்மென்ட் வேரியபிளிலிருந்து எடுக்கிறீர்கள் என்றால் அங்கே 25 என்று எழுதி வைக்காதீர்கள். அது எண்ணாக வராது, எழுத்தாக வரும். 25 என்ற பெயரில் லெவல் இல்லை என்று அதே பிழை விழும். பெயரையே எழுதி வையுங்கள்.

இன்னொன்று: டிஸேபிள்_எக்ஸிஸ்டிங்_லாகர்ஸ் என்பதை ஃபால்ஸ் என்று வைக்க மறக்காதீர்கள். அதன் இயல்பான மதிப்பு ட்ரூ. அமைப்பில் பெயர் சொல்லாத பழைய லாகர்களை அது வாயடைத்துவிடும். பழி நம் புது லெவல்மேல் விழும்.

படி 7: வெளியே போகும் வழியில் பெயர் மாறுகிறதா

எங்கள் அலர்ட் சிஸ்லாக் வழியே போய்க்கொண்டிருந்தது. எல்லாம் சரியாக எழுதிய பிறகும் நோட்டீஸ் வரி ஒவ்வொன்றும் மறுமுனையில் வார்னிங் என்றே வந்து நின்றது. எதற்காகப் புது லெவல் சேர்த்தோமோ அதே தொல்லை திரும்பியது.

சிஸ்லாக்ஹேண்ட்லரைத் திறந்து பார்த்தால் ப்ரையாரிட்டி_மேப் என்று ஓர் அட்டவணை இருக்கிறது. பைத்தானின் ஐந்து பெயர்களுக்கு எதிரே சிஸ்லாக்கின் ஐந்து பெயர்கள். அட்டவணையில் இல்லாத பெயர் வந்தால் வார்னிங் என்று வைத்துக்கொள்ளும். நோட்டீஸ் அதில் இல்லை. அந்த ஹேண்ட்லரிலிருந்து ஒரு கிளாஸ் உருவாக்கி, அட்டவணையின் நகலில் பெரிய எழுத்து நோட்டீஸுக்கு எதிரே சிறிய எழுத்து நோட்டீஸைச் சேர்த்தோம். சிஸ்லாக் பக்கத்துப் பெயர்ப் பட்டியலில் நோட்டீஸ் முன்பே இருப்பதால் வேறெதுவும் தேவைப்படவில்லை. பெயரைச் சிஸ்லாக்கிலிருந்தே எடுத்தது இங்கே கைகொடுத்தது.

லாக்கை ஜேசனாக்கி வேறொரு சேவைக்கு அனுப்புபவர்கள் இதே சோதனையைச் செய்யுங்கள். ஒரே ஒரு நோட்டீஸ் வரியை அனுப்பி, மறுமுனைத் திரையில் அது எந்த நிறத்தில், எந்தப் பெயரில் நிற்கிறது என்று கண்ணால் பாருங்கள். ஓபன்டெலிமெட்ரி தரத்தில் அவசரத்துக்கு 1 முதல் 24 வரை எண்கள் உண்டு, பெயருக்கு நான்கு வீதம். இன்ஃபோவுக்கு 9 முதல் 12, வார்னுக்கு 13 முதல் 16. நம் நோட்டீஸ் 12-க்குள் விழுந்தால் நல்லது.

தமிழில் பெயர் வைத்தால்?

"அறிவிப்பு" என்றே லெவலுக்குப் பெயர் வைக்க முடியுமா என்றால், முடியும். ஆட்லெவல்நேமுக்கு எந்த எழுத்தும் சம்மதம். இரண்டு விஷயங்களை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, வரிசை ஒழுங்கு. லெவல் பெயருக்கு எட்டு இடம் ஒதுக்கி ஃபார்மேட் எழுதுவது வழக்கம், கிரிட்டிக்கல் என்பதற்கு ஆங்கிலத்தில் எட்டு எழுத்து. பைத்தான் எண்ணுவது யூனிகோட் குறிகளை. "அறிவிப்பு" நம் கண்ணுக்கு அ, றி, வி, ப், பு என்று ஐந்து எழுத்து. பைத்தானுக்கோ அ, ற, இகரக் குறி, வ, இகரக் குறி, ப, புள்ளி, ப, உகரக் குறி என்று ஒன்பது. எட்டைத் தாண்டிவிட்டதால் இடைவெளியே சேராது. அந்த வரி மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் நிற்கும்.

இரண்டாவது, என்கோடிங். ஃபைல்ஹேண்ட்லருக்கு என்கோடிங் யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகக் கொடுங்கள், பேசிக்கான்ஃபிக்கிலும் 3.9 முதல் அந்த அளவுரு உண்டு. கொடுக்காவிட்டால், பழைய குறிமுறையில் இருக்கும் விண்டோஸ் கணினியில் தமிழ் வரி எழுதும்போது யூனிகோட் பிழை வரும். நிரல் நிற்காது. லாகிங் எரர் என்ற தலைப்போடு பிழைத் தடம் திரைக்குப் போகும், ஃபைலில் அந்த வரி இருக்காது. இது பெயருக்கு மட்டுமில்லை, தமிழில் எழுதும் எந்தச் செய்திக்கும் பொருந்தும்.

கணக்குப் பிரிவினர் நேரடியாகப் படிக்கும் லாக் என்பதால் நாங்கள் செய்தியைத் தமிழில் எழுதினோம். லெவல் பெயரை மட்டும் மற்ற கருவிகளுக்காக ஆங்கிலத்திலேயே விட்டோம்.

படி 8: டெஸ்ட்

வரி எண் குழியில் ஒருமுறை விழுந்ததால் இதை நான் விடமாட்டேன். யூனிட்டெஸ்டில் அசர்ட்லாக்ஸ் இருக்கிறது. லாகர் பெயரையும் லெவல் 25 என்பதையும் கொடுத்து வித் பிளாக்கைத் திறந்து, உள்ளே நோட்டீஸை அழையுங்கள். வெளியே வந்ததும் ரெக்கார்ட்ஸ் பட்டியலின் முதல் ரெக்கார்டை எடுத்து மூன்றைச் சரிபாருங்கள். லெவல்நோ 25 ஆக இருக்க வேண்டும். லெவல்நேம் நீங்கள் பதிந்த பெயராக இருக்க வேண்டும். ஃபங்க்நேம் உங்கள் டெஸ்ட் மெத்தடின் பெயராகவே இருக்க வேண்டும். மூன்றாவது சோதனை இருந்திருந்தால் 3.11-க்கு ஏற்றும் முன்பே எங்களுக்குத் தெரிந்திருக்கும். பைடெஸ்ட் வைத்திருப்பவர்கள் கேப்லாக் மூலம் இதையே செய்யலாம்.

டீபக்குக்குக் கீழே ட்ரேஸ்

நோட்டீஸுக்கு அடுத்தபடி பலரும் கேட்பது 5-இல் ஒரு ட்ரேஸ். லூப்பின் ஒவ்வொரு சுற்றையும் எழுதும் அளவுக்கு நுணுக்கமான லெவல். கட்டும் முறை மேலே சொன்னதேதான், எண்ணும் பெயரும் மட்டும் வேறு. ஆனால் செலவு வேறு. நாளுக்கு ஒருமுறை எழுதும் நோட்டீஸ் எங்கே, பில்லுக்கு நூறு முறை அழைக்கப்படும் ட்ரேஸ் எங்கே!

லெவல் மூடியிருந்தாலும் அழைப்பு நடக்கும், அதற்குக் கொடுக்கும் மதிப்புகளும் கணக்கிடப்படும். ட்ரேஸுக்காக ஒரு பெரிய பட்டியலை எழுத்தாக்கி அனுப்பினால், அதை யாரும் பார்க்காத நாளிலும் அந்த எழுத்தாக்கும் வேலை நடந்துகொண்டே இருக்கும். கனமான மதிப்பு என்றால் இஸ்எனேபிள்ட்ஃபார்(5) என்று ஓர் இஃப் போட்டு அதற்குள் கணக்கிடுங்கள்.

ட்ரேஸைத் திறக்கும்போது ரூட்டில் திறக்காதீர்கள். ரூட்டை 5-க்கு இறக்கினால் நீங்கள் பயன்படுத்தும் எல்லா லைப்ரரிகளும் தங்கள் டீபக் வரிகளைக் கொட்டத் தொடங்கும். உங்கள் பேக்கேஜ் பெயருள்ள லாகருக்கு மட்டும் 5 வையுங்கள், ஹேண்ட்லரின் வரம்பையும் 5-க்கு இறக்குங்கள். இரண்டு வாசலும் திறந்தால்தான் வரி வெளியே வரும்.

வேறு மொழிகளில்

ஜாவாவின் லாக்4ஜே 2-இல் லெவல்.ஃபார்நேம் என்ற ஒரே அழைப்பில் பெயரும் எண்ணும் கொடுத்தால் போதும். எண்கள் தலைகீழ் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்: ஃபேட்டல் 100, எரர் 200, வார்ன் 300, இன்ஃபோ 400, டீபக் 500, ட்ரேஸ் 600. நம் நோட்டீஸுக்கு அங்கே 350. எஸ்எல்எஃப்4ஜே என்ற பொது லாகிங் இடைமுகம் வழியாக எழுதுபவர்களுக்குச் சொந்த லெவல் கிடையாது. மார்க்கர் என்ற அடையாளத்தை வரியோடு ஒட்டி அனுப்பி, மறுபக்கம் அதை வைத்து வடிகட்ட வேண்டும்.

நோடில் வின்ஸ்டன் லைப்ரரிக்கு லெவல் பட்டியலையே நீங்கள் கொடுக்கலாம். அதிலும் 0-தான் அதிக அவசரம். சிஸ்லாக்கின் எட்டுப் பெயர்களும் ஆயத்தப் பட்டியலாக உடன் வருகின்றன, நோட்டீஸ் அதில் இருக்கிறது.

கோ மொழியில் 2023-இல் வந்த 1.21 பதிப்போடு எஸ்லாக் என்ற லாகிங் பேக்கேஜ் சேர்ந்தது. டீபக் -4, இன்ஃபோ 0, வார்ன் 4, எரர் 8. இடைவெளி விட்டதே நடுவில் புகுபவர்களுக்காகத்தான். 2 என்று ஒரு லெவலில் எழுதினால் இன்ஃபோ+2 என்று அச்சாகும். நோட்டீஸ் என்று பெயர் வரவேண்டும் என்றால் ஹேண்ட்லர் அமைப்பில் ரீப்ளேஸ்அட்டர் என்ற ஃபங்ஷனைக் கொடுத்து, லெவல் சாவி வரும்போது மதிப்பு 2 ஆக இருந்தால் பெயரை மாற்றித் திருப்பி அனுப்ப வேண்டும்.